ஜைத்தூன் மரத்துக்கு ஐஸ்

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானா இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடுவது போல. புதுக் கைலி. சவரம் செய்ததில் தாடையைக் கீறிக்கொண்டு, அதன்மேல் பேப்பர்த் துணுக்கு ஒட்டியிருந்தார்.

அவர் மகள் பரிதா இருந்தாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு. கையில் போன்.

மச்சான் இருந்தார். நானாவின் மனைவிக்கு அண்ணன். ஜெட்டிப் பக்கம், படகுத்துறையில், டீக்கடை வைத்திருப்பவர். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அதற்கு முன் அவர் கடை சாத்தியது பெரும்புயல் அடித்தபோதுதான்.

பக்கத்து வீட்டு ஊ தீன் இருந்தார். படகுக்காரர். பர்மியர். தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பார்.

மொகிங்கா, அதாவது மீன்குழம்பு நூடுல்ஸ், விற்கும் பர்மிய அம்மா தாவ் ஏ இருந்தார். தலையில் இருந்த தட்டை இறக்காமலே நின்றார். இப்போது போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை நின்றார்.

லாத்தா இருந்தார். நானாவின் மனைவி. சமையல்கட்டு வாசலில், பாதி உள்ளே, பாதி வெளியே.

நான் இருந்தேன். முத்து. ஐஸ் கொண்டுவந்தவன்.

பூனைகளைச் சேர்க்கவில்லை. அவை ஏன் வந்தன என்று பிறகு சொல்கிறேன்.

இடம் டாலா. யாங்கோனிலிருந்து, அதுதான் பழைய ரங்கூன், ஆற்றைத் தாண்டினால் வரும். நானா வீட்டின் பின்பக்கம், மரத்தடி. நேரம் சாயங்காலம். துருக்கியில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து போன் வரப் போகிறது. நானா இரண்டு குளிர்காலம் காணாமல் போயிருந்தாரே, அந்த ஊர். அந்த ஊரில்தான் இருந்தேன் என்பது அவர் பேச்சு. மச்சான் பேச்சு வேறு.

நானா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா. நானாவுடைய ஆட்கள் நாகூர்ப் பக்கம். பாட்டன் காலத்தில் ரங்கூனுக்கு வந்தவர்கள். நான் வேறு ஜனம். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் எனக்கும் அவர் நானாதான். தெருவுக்கே நானா. முதுகுக்குப் பின்னால் மட்டும் 'அங்கே நானா' என்பார்கள். வாயைத் திறந்தால் அவருக்கு முதல் சொல் 'அங்கே'.

சந்தையில் தக்காளியைப் பார்ப்பார். “அங்கே தக்காளி ஒரு கைக்குள்ள அடங்காது முத்து! காலையில உப்புப் போட்டு அப்படியே கடிப்பாங்க, ஆப்பிள் மாதிரி!”

மழை வரும். “அங்கே மழை குளிர்லதான் பெய்யும். வெயில் காலத்துல ஒரு சொட்டு விழாது. எல்லாம் தலைகீழ்!”

உட்கார்ந்து பேச அவருக்கு வராது. எழுந்துவிடுவார். இரண்டு கையும் பறக்கும். பக்கத்தில் டம்ளர் இருந்தால் போயிற்று. அவர் பேச்சைக் கேட்டு நின்று, ஆற்றைக் கடக்கும் படகைத் தவறவிட்டவர்கள் உண்டு. நானும் விட்டிருக்கிறேன். வண்டியில் ஐஸ் உருகும். எனக்குத் தெரியும். ஆனாலும் நிற்பேன்.

ஊர்ப் பெயரை அவர் சொல்லும்போது தொண்டையில் மீன்முள் சிக்கியது போல இருக்கும். என் நாக்குக்கு வராது. நான் அந்த ஊர் என்றே சொல்கிறேன்.

பழக்கங்கள் கொஞ்சம் அங்கேயிருந்து கொண்டுவந்திருந்தார். பாலில்லாத டீதான் குடிப்பார், சின்னக் கண்ணாடி டம்ளரில்.

“அந்த டம்ளர்ல இருமல் மருந்துதான் குடிக்கலாம்” என்பார் மச்சான்.

“அங்கே ஒரு நாளைக்குப் பத்து டம்ளர் குடிப்பாங்க மச்சான். கடைக்குப் பேரு காபிக் கடை. ஒருத்தன் காபி குடிக்க மாட்டான்!”

ஒரு நாள் கடையில் யாரோ ஒரு ரொட்டித் துண்டைக் கீழே போட்டுவிட்டார்கள். நானா குனிந்து எடுத்தார். அதற்கு முத்தம் கொடுத்தார். நெற்றியில் ஒற்றினார். காலில் படாத இடமாகப் பார்த்து ஜன்னல் கட்டையில் வைத்தார். கடையே பார்த்தது. “அங்கே ரொட்டியை மிதிக்க விடமாட்டாங்க” என்றார்.

பெருநாள் அன்று தொழுதுவிட்டு வரும் வழியில் ஊ தீனைப் பார்த்தார். ஊ தீன் அவரைவிட மூத்தவர். நானா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றிக்குக் கொண்டுபோனார். அங்கே பெரியவர்களுக்கு அப்படித்தானாம். ஊ தீன் மோதிரத்தை உருவப் பார்க்கிறார் என்று நினைத்துக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அன்றைக்கு முழுவதும் மோதிரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இன்னொரு தடவை ஜைத்தூன் பறிக்கிற விதத்தைக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். வெளியே ஆலிவ் என்பார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஜனங்களுக்கு அது ஜைத்தூன். வேதத்தில் வருகிற மரம் என்பதால் பெயர் தெரியும், மரத்தைக் கண்டவர் இல்லை. ஊ தீனின் மாமரத்தடியில் மீன்வலையை விரித்தார். நீளக் கம்பு ஒன்றை எடுத்தார்.

“ஆம்பளைங்க கம்பால தட்டுவாங்க. இப்படி இல்ல, இப்படி! கிளை முறியக் கூடாது. பொம்பளைங்க கீழே உக்காந்து பொறுக்குவாங்க. பாட்டு வேற! மூட்டையைக் கட்டிச் செக்குக்குக் கொண்டுபோனா, அன்னைக்கே எண்ணெய். பச்சையா இருக்கும் முத்து, வாழையிலையைக் கரைச்ச மாதிரி! சுடுரொட்டியில ஊத்தி…”

அங்கே பேச்சை நிறுத்தினார். ரொட்டி என்று வந்ததும் நிறுத்தினார். இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்குள் மாவடு எல்லாம் வலையில் கொட்டிவிட்டது. ஊ தீன் அந்த மாதம் முழுவதும் அவரோடு பேசவில்லை.

அந்த ஊரின் கதையையும் சொல்வார். எத்தனை தடவை சொன்னாலும் புதிதாகச் சொல்வார்.

“அங்கே வீடெல்லாம் கல்லு. கட்டினது ஒருத்தன், குடியிருக்கிறது இன்னொருத்தன். கட்டினவங்க கிரேக்கக் கிறிஸ்தவங்க. துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் சண்டை முடிஞ்சு ரெண்டு கவர்மெண்டும் உக்காந்து பேசுனாங்க. இந்தக் கரையில இருக்கிற கிறிஸ்தவனெல்லாம் அந்தக் கரைக்கு. அந்தக் கரையில, தீவுல இருக்கிற முஸ்லிமெல்லாம் இந்தக் கரைக்கு. ஏறு கப்பல்ல! என்ன பாஷை பேசுறே, எங்க பொறந்தேன்னு கேக்கல. எப்படிக் கும்பிடுறேன்னு மட்டும் கேட்டாங்க. வந்தவங்களுக்குத் துருக்கிப் பாஷையே தெரியாதாம்! அவங்க கோயில் பள்ளிவாசல் ஆயிடுச்சு. நான் அங்கேதான் தொழுதேன். சுவர்ல சுண்ணாம்புக்குக் கீழே ஒரு இறக்கை தெரியும். மலக்கோட, தேவதூதனோட இறக்கை. எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் மேல வந்துடும்னு சொல்வாங்க.”

“அப்புறம்?” என்பார் மச்சான். மற்ற நேரம் கேலி பேசுவார். இந்தக் கதைக்கு மட்டும் கேட்பார்.

“அப்புறம் என்ன? மரத்தைக் கப்பல்ல ஏத்த முடியுமா? மலை முழுக்க ஜைத்தூன். நட்டவன் போயிட்டான், காய் நிக்குது. வந்தவங்களும் தீவுல ஜைத்தூன் வெச்சுப் பொழைச்சவங்க. நேரா மரத்தடிக்குப் போனாங்க. ஊர் பொழைச்சுக்கிச்சு. இப்பக்கூட அந்தக் கரையிலேர்ந்து பேரன் பேத்திங்க வருவாங்க. இது எங்க ஆச்சி வீடுன்னு வாசல்ல நிப்பாங்க. வீட்டுக்காரங்க உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவாங்க. ரெண்டு பேரும் அழுவாங்க. எனக்கும் அழுகையா வரும், எதுக்குன்னு தெரியாது!”

எங்கள் ஆட்களையும் ஒரு காலத்தில் இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கப்பல் ஏற்றினார்கள். மச்சானின் சித்தப்பாமார் மெட்ராஸுக்குப் போனார்கள். என் தாத்தாவின் தம்பி போனார். தாத்தா போகவில்லை. அதனால் நான் டாலாவில் ஐஸ் தள்ளுகிறேன்.

அவர் அங்கே எப்படிப் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். சரக்குக் கப்பலில் ஆயில்மேன். எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற வேலை. கப்பலின் முதலாளி கடனில் மூழ்கி மறைந்துவிட்டான். கப்பல் அந்த ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றது. டீசல் இல்லை. அரிசி இல்லை. சம்பளம் இல்லை. கேப்டன் உட்பட ஒவ்வொருவராக ஊருக்குப் போனார்கள். கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாது என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். நானாவும் இன்னும் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் டாலாவில் போன் என்றால் ஜெட்டி முக்கில் மேசைமேல் வைத்திருக்கும் போன்தான். நானாவிடம் அதன் நம்பர் இருந்தது. நம்பரை மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான். இங்கிருந்து பார்த்தால் ஆள் இல்லை.

மச்சான் ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு தங்கைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று, இறந்தவருக்குச் செய்வது போல யாசீன் ஓதி, ஃபாத்திஹா கொடுத்து, தெருவுக்குப் பிரியாணி போட்டார். லாத்தா ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. “அவர் சாகல” என்றார். நானும் அன்று பந்தியில் இருந்தேன். சாப்பிட்டேன்.

பிறகு யாரோ கப்பலை வாங்கி, இவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். நானா ஆற்றைக் கடந்து வந்து படகிலிருந்து இறங்கினார். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். ஷூவுக்குள் ஈரத்துணி. துணிக்குள் மூன்று ஜைத்தூன் குச்சி.

லாத்தா அவருக்குச் சோறு போட்டார். எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. முன்பெல்லாம் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அதன் பிறகு அவர் சாப்பிட்டு எழுந்ததும் லாத்தா தனியாக உட்காருவார்.

நானா உலகத்தையே சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அங்கே என்ன சாப்பிட்டீர்கள், யார் போட்டார்கள் என்று கேட்டால் இருமுவார். “ஜைத்தூன் காயைக் கசப்பு எடுக்கிறது பெரிய வேலை. கல்லால தட்டி, தினம் தண்ணி மாத்தி…” என்று வேறு பக்கம் இழுத்துப் போவார்.

மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார். கடையில் ஒரு நாள் எல்லோரும் கேட்கச் சொன்னார்:

“கப்பல்ல அரிசி இல்ல. கையில காசு இல்ல. ரெண்டு குளிர்காலம் ஆள் தொப்பையோட திரும்பி வந்திருக்காரு. அப்போ ஒரு வீடு இருந்திருக்கு. வீடுன்னா அடுப்பு. அடுப்புன்னா பொம்பளை. இதுக்குப் பள்ளிக்கூடம் போகணுமா?”

லாத்தா காதுக்கு அது போயிற்று. அவர் நெஞ்சில் ஏற்கெனவே இருந்ததுதான். செத்தவருக்காக அழலாம். உயிரோடு இருந்துகொண்டு வேறு அடுப்பில் சாப்பிட்டவருக்கு என்ன செய்வது? வாயால் அவர் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சமையல்கட்டில் அது ஒன்றுதான் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

நானாவின் இன்னொரு குணம் மச்சானுக்குத் தோதாகப் போயிற்று. திரும்பி வந்த பிறகு நானா யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார். கல்யாணத்துக்குப் போவார், முதல் ஆளாக நாற்காலி தூக்கிப் போடுவார், பந்திக்கு முன் காணாமல் போவார். மச்சான் கடை டீக்குக்கூடக் காசு வைத்துவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார். கப்பல் பார்த்த திமிர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று குச்சியில் ஒன்று பிழைத்தது. டாலா மண் களிமண். மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். முதலில் தரையில் நட்டார், வேர் அழுகப் பார்த்தது. பிடுங்கிப் பாதி டிரம்மில் மணலும் செங்கல் ஜல்லியும் போட்டு வைத்தார். டிரம்முக்கு அடியில் செங்கல். மரம் வளர்ந்து கூரையைத் தாண்டிவிட்டது. இலை மேலே பச்சை, கீழே வெள்ளி. காற்று அடித்தால் தண்ணீருக்குள் உல்லம் மீன் கூட்டமாகத் திரும்புவது போலப் பளிச்சென்று மின்னும். எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் பூக்கவில்லை. வருஷா வருஷம் பார்ப்பார். இல்லை.

ஒரு தை மாதம் ஜெட்டிக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

“முத்து! கண்டுபிடிச்சுட்டேன்! உடைஞ்ச ஐஸை நீ என்ன பண்றே?”

“ஆத்துல போடுவேன்.”

“எனக்குக் குடு!”

“எதுக்கு?”

“மரத்துக்கு! அங்கே குளிர் வந்தாத்தான் அது பூக்கும். இங்க குளிர் எங்க இருக்கு? நாமதான் குடுக்கணும்!”

நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் ஐஸ் உருகும்.

“காசு எவ்வளவு?”

“மீதி ஐஸுக்கு எதுக்குக் காசு?”

யோசித்தார். கையைப் பிசைந்தார். “சரி. மரத்துக்குச் சும்மா வாங்கிக்கலாம். எனக்குன்னா வாங்க மாட்டேன்.”

அன்றிலிருந்து குளிர் மாதங்களில் தினமும் சாயங்காலம் நான் வண்டியை அவர் வீட்டுப் பக்கம் திருப்புவேன். ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றி மரத்தைச் சுற்றிக் கட்டுவார். கிளைகளில் சின்னச் சின்னப் பொட்டலமாகத் தொங்கவிடுவார். மீன் பெட்டியிலிருந்து வந்த ஐஸ். மரம் முழுக்க மீன் வாடை. டாலாவில் இருக்கிற பூனையெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்தன. மரத்தைச் சுற்றி வட்டமாக, யாரோ பயான், மார்க்கப் பிரசங்கம், சொல்லப் போகிறது போல.

“மரத்துக்குக் காய்ச்சலா?” என்று தாவ் ஏ பர்மியப் பாஷையில் கேட்டார்.

“நாளைக்கு இதுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்வாரு” என்றார் மச்சான்.

ஒரு காலை நானா தெருவையே எழுப்பிவிட்டார். மொட்டு! எல்லோரும் ஓடினோம். ஊ தீன் கண்ணாடி போட்டுப் பார்த்தார். தாவ் ஏ பார்த்தார். இலை மொட்டு.

“இலையா இருந்தா என்ன? இலைக்கு அடுத்தது பூதானே!” என்று நானா கை தட்டினார். அவரைச் சோர்வாக்க முடியாது.

பரிதா அப்போது போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வாப்பா மரத்தைக் கட்டிப் பிடித்து நிற்பதை, ஐஸ் மூட்டையும் பூனைகளுமாக, ஒரு படம் எடுத்தாள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் படங்களைப் போடும் பேஸ்புக் பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாத ஆள் என்று பதில் வந்தால் வாப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தாளாம்.

காலையில் பார்த்தால் போன் நிரம்பி வழிந்தது. இதயம், சிரிப்பு, அழுகை. ஒரே சொல்லைப் பல பேர் எழுதியிருந்தார்கள். கப்தான்! கப்தான்!

அங்கே அவரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். உண்மையான கேப்டன் போன பிறகு கப்பலில் நின்றவர் என்பதால். எங்களிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை.

நானா ஜெட்டிவரை ஓடிவந்தார். என் வண்டியில் ஏறி ஐஸ் மேலேயே உட்கார்ந்தார். கைலி நனைந்தது தெரியவில்லை. “என்னைத் தெரியும்ங்கிறாங்க முத்து! எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு! ஓடு, வண்டியைத் தள்ளு!” எங்கே தள்ளுவது என்று சொல்லவில்லை. நான் தள்ளினேன். மச்சான் கடை முன்னால் நின்றது.

மச்சான் போனை வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“சரி. ஊர் இருக்கு. ஜனம் இருக்கு. ஒத்துக்கிறேன். எந்த வீடு?”

நானா வண்டியிலிருந்து இறங்கினார். கைலியைப் பிழிந்தார். “போன்ல பேசப் போறாங்க. மரத்தைக் காட்டினாப் போதும்” என்றார்.

அப்படித்தான் அந்தச் சாயங்காலம் வந்தது.

கரண்ட் இல்லை. பரிதா கடையிலிருந்து பேட்டரி கொண்டுவந்திருந்தாள். போனை நிறுத்த இடமில்லாமல் ஐஸ் பார்மேல் சாய்த்து வைத்தாள். மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நானா எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார்.

படம் வந்தது. ஒரு கடை. புகை. சின்ன டம்ளர்கள். முகம், முகம், முகம். “கப்தான்!” என்று ஒரே கூச்சல். பூனைகள் சிதறின.

நானா வாயைத் திறந்தார். துருக்கிப் பாஷை கொட்டியது. அதுவரை ஒன்றிரண்டு சொல்தான் கேட்டிருக்கிறோம். இது மழை. மச்சான் வாயைப் பிளந்தார். தாவ் ஏ “அமலே!” என்று வியந்தார்.

அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர் ஒருத்தி போனைப் பிடித்திருந்தாள். அவள் இங்கிலீஷில் சொல்வாள். பரிதா அதைப் பாதி பர்மியமும் பாதி தமிழுமாக எங்களுக்குச் சொல்வாள்.

“வாப்பா, மரத்துல என்ன தொங்குதுன்னு கேக்குறாங்க.”

நானா மரத்தைத் தொட்டார். ஐஸைக் காட்டினார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்குவது போல நடித்தார். பிறகு பூ விரிவது போலக் கையை விரித்தார்.

அந்தக் கடை சிரிப்பில் வெடித்தது. ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். ஒரு பெண், கை முழுக்க மாவு, முந்தானை போல இருந்த துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள்.

“அவங்க ரொட்டி அடுப்பு வெச்சிருக்காங்களாம்” என்றாள் பரிதா. “இந்த வருஷம் அங்கேயும் காய் இல்லையாம். ஒரு வருஷம் காய்க்கும், ஒரு வருஷம் காய்க்காதாம். மரத்தைக் கோவிச்சுக்காதீங்கங்கிறாங்க.”

எல்லோரும் சிரித்தோம். ஊ தீனும் சரியான இடத்தில் சிரித்தார். ஐஸ் உருகி, போன் சரிந்தது. நான் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்து போன் என் கையில்தான் இருந்தது.

அப்போது லாத்தா வெளியே வந்தார். முக்காட்டைச் சரிசெய்தபடி நேராக வந்து என் பக்கத்தில் நின்றார். சிரிக்கவில்லை.

“பரிதா. அந்த டீச்சரம்மாவைக் கேளு. இவர் அங்கே எந்த வீட்டுல சாப்பிட்டார்?”

பரிதா வாப்பாவைப் பார்த்தாள். “உம்மா… இப்போவா? எல்லாரும் இருக்காங்க.”

“எல்லாரும் இருக்கும்போதுதான் கேக்கணும். கேளு.”

“கேளு புள்ளே” என்றார் மச்சான். ஆனால் குரல் முன்போல இல்லை.

பரிதா கேட்டாள். டீச்சர் சிரிப்பை நிறுத்தினாள். திரும்பி, கடை முழுவதும் கேட்கும்படி அதை அவர்கள் பாஷையில் சொன்னாள்.

நானா தலையைக் குனிந்துகொண்டார். தாடையில் ஒட்டியிருந்த பேப்பர் காற்றில் ஆடியது.

ரொட்டிக்காரி கையைத் தூக்கினாள்.

“ம்” என்றார் மச்சான்.

லாத்தா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போனையே பார்த்தேன்.

ரொட்டிக்காரிக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். நாற்காலியிலிருந்து விழுந்தவர் தூக்கினார். கட்டை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த மேசையில் இரண்டு கை. டீத் தட்டு ஏந்தி நின்றவர் தட்டை வைத்துவிட்டுத் தூக்கினார்.

டீச்சர் வேகமாகப் பேசினாள். பரிதாவுக்கு மூச்சு முட்டியது. “முறை வெச்சுக்கிட்டாங்களாம் உம்மா! ஒரு நாளைக்கு ஒரு வீடு! யார் முறைன்னு அடுப்புக்கார அம்மா சொல்வாங்களாம். வாப்பா அந்த வீட்டு வாசலுக்குப் போவாராம். சாப்பிட்டுட்டு, மத்த ரெண்டு பேருக்கும் வாங்கிக்கிட்டுத் திரும்பக் கப்பலுக்குப் போயிடுவாராம். ரெண்டு குளிர்காலமும்!”

நானா தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். “வீடு வீடாப் போய் நின்னேன், பரிதா உம்மா. தட்டோட. அதை எப்படி உன்கிட்ட சொல்றது?”

லாத்தாவின் கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களில் நகர்ந்துகொண்டிருந்தது.

டீச்சர் போனோடு தெருவுக்கு வந்துவிட்டாள். கல் வீடுகள். நானா சொன்ன அதே கல். அவள் கத்திக்கொண்டே நடந்தாள். மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண் கையை நீட்டினாள். டிராக்டரை நிறுத்தி ஒருவர் தூக்கினார். பள்ளிவாசல் படியில் ஒருவர். ஒரு வாசலில் அம்மாவும் மகளும் சேர்ந்து தூக்க, ஒரே வீடு, ஒரு கைதான் என்று டீச்சர் மகளின் கையை இறக்கிவிட்டாள்.

“முத்து, நீயும் எண்ணு” என்றார் லாத்தா. “எனக்குக் கண்ணு மறைக்குது.”

போனில் வழிந்த ஐஸ் தண்ணீரைச் சட்டையில் துடைத்தேன். எண்ணினேன். மச்சானும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, வாயசைத்து எண்ணினார்.

நானா போன மழைக்காலத்தில் கண்ணை மூடிவிட்டார். மரம் இருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. நான் ஐஸ் கொண்டுபோகிறேன். லாத்தாதான் கட்டுகிறார். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால் அந்த ஊரைப் பற்றி அவரே சொல்கிறார், நின்றுகொண்டு, இரண்டு கையும் பறக்க. எத்தனை வீடு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

பதினேழு.